வாவிக்கரை முஸ்லிம்களும் வைத்திய மரபும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நபி (ஸல்) அவர்களின் சபைக்கு ஒருமுறை நாட்டுப்புற அரபிகள் சிலர் வந்தனர். நோயுற்றால் நாங்கள் மருந்து செய்துகொள்ளலாமா என வினவினர். செய்துகொள்ளுமாறு பணித்த அண்ணலார், அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி வைக்கவில்லை என்றும், ஒன்றே ஒன்றுக்கு மாத்திரம் விலக்கு உண்டென்றும் கூறினார்கள். அந்த ஒன்று முதுமை. உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இடம்பெற்றுள்ளது.

இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு காத்தான்குடியிலோ, ஏறாவூரிலோ, ஓட்டமாவடியிலோ, கல்முனையிலோ ஒரு கடைத்தெருவில் நடந்து பாருங்கள். முதுமையைத் தடுக்கும், எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும், சலரோகத்தை அடியோடு அகற்றும் என்றெல்லாம் அச்சிடப்பட்ட போத்தல்களைக் காண்பீர்கள். சிலவற்றில் பள்ளிவாசல் மினாராவின் படமும் இருக்கும். வாங்குபவர் மருந்தை வாங்குகின்றாரா, ஸுன்னத்தை வாங்குகின்றாரா என்பது அவருக்கே தெளிவில்லை.

தேனையோ கருஞ்சீரகத்தையோ குறை கூறுவது எமது நோக்கமன்று, நஊதுபில்லாஹ். தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பானத்தில் மனிதர்க்கு நிவாரணம் உண்டென்பதை சூரா அந்நஹ்ல் அறிவிக்கின்றது. கருஞ்சீரகம் மரணம் தவிர்ந்த நோய்களுக்கு நிவாரணம் என்னும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஆயினும் இமாம் கத்தாபி போன்ற விளக்கவுரையாளர்கள், இந்த ஹதீஸின் சொல் பொதுவாக அமைந்திருப்பினும் அதன் கருத்து, கருஞ்சீரகத்தின் தன்மைக்குப் பொருந்தும் நோய்களையே குறிக்கும் என்று விளக்கினர். அதனைத் தனியாகக் கொடுப்பதா, வேறொன்றுடன் சேர்த்துக் கொடுப்பதா, உண்ணக் கொடுப்பதா, வெளியே பூசுவதா என்பது நோயாளியைப் பார்த்தே தீர்மானிக்கப்பட வேண்டியது என்பதும் அவ்வுரைகளில் காணப்படும் கருத்தாகும். பார்த்துத் தீர்மானிப்பவர் ஒருவர் வேண்டும் என்பது இதனுள் அடங்கியிருக்கின்றது. அப்படிப்பட்டவர்கள் ஒருகாலத்தில் எம்மிடையே இருந்தனர். அவர்களைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது.

1626 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களுக்குப் புகலிடம் அளித்த கண்டி மன்னன் செனரத், அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இதனை எழுதி வைத்தவர் முஸ்லிம் நேசர் எவருமல்லர். போர்த்துக்கேயப் பாதிரியாரான குவேறோஸ் என்பவரே. அதற்கு முன்னரும் கிழக்கில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். எனினும் வாவிக்கரையில் எமது ஊர்கள் பெருகியதில் இந்த நிகழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. வணிகரும் உழவரும் மாலுமிகளுமாக வந்த அம்மக்கள் தம்முடன் எதைக் கொண்டு வந்திருப்பர்? விரட்டப்பட்டவன் வீட்டைச் சுமந்து வருவதில்லை. கையில் ஒரு குர்ஆனையும், மடியில் கொஞ்சம் சரக்கையும், நெஞ்சில் மனனம் செய்த மருந்து முறைகளையும் கொண்டு வந்திருப்பர் என எண்ணுவது தவறாகாது. அல்லாஹு அஃலம்.

கண்டி இராச்சியத்தில் முஸ்லிம் வைத்தியர்களுக்கு இருந்த மதிப்பு நன்கு பதிவாகியுள்ள ஒன்றாகும். கேகாலைப் பகுதியின் கெட்டபேரியாவில் வாழ்ந்த கோபால வைத்தியக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக அரச வைத்தியர்களாகப் பணியாற்றி, நிலமானியங்களும் பட்டங்களும் பெற்றனர். வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா 1994 இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். பௌத்த மன்னன் தன் உடலை ஒரு முஸ்லிம் வைத்தியரிடம் ஒப்படைத்தான் என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

ஆங்கிலேயர் காலத்துச் சான்று ஒன்று இதனினும் வியப்புக்குரியது. இலங்கையின் பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், 1827 இல் இலண்டன் ரோயல் ஆசியச் சங்கத்திற்கு இலங்கை முஸ்லிம்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். 1806 ஆம் ஆண்டில் சுதேச வைத்தியப் பகுதியின் மேற்பார்வையாளராகத் தாம் ஒரு முஸ்லிம் ஹகீமை நியமித்ததை அதில் கூறுகின்றார். அவர் பெயர் மீரா லெப்பை மேஸ்திரியார். அவரிடமிருந்த வைத்திய நூல்களுட் பெரும்பாலானவை எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளாக அக்குடும்பத்தில் இருந்து வந்தவை என்றும், அத்தனை காலமும் அக்குடும்பம் வைத்தியத் தொழிலையே செய்து வந்தது என்றும் அக்கடிதம் கூறுகின்றது. இலங்கையில் முஸ்லிம் வைத்தியர்கள் மருந்துக்குப் பயன்படுத்திய மூலிகைகள் அனைத்தையும் பற்றி அந்த ஹகீம் விரிவான அறிக்கையொன்றைத் தயாரித்துக் கொடுத்தார். அத்தகைய மூலிகைகளை வளர்ப்பதும், 1810 இல் இலங்கையில் அரச தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டதன் நோக்கங்களில் ஒன்று என ஜோன்ஸ்டன் எழுதினார். கொழும்பில் தொடங்கிய அப்பூங்கா 1813 இல் களுத்துறைக்கும், 1821 இல் பேராதனைக்கும் பெயர்ந்தது. பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா செல்லும் எமது பாடசாலைப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியும்?

அக்கடிதத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. அதனை வாசிக்கும்போது நெஞ்சு கனக்கின்றது. அரிஸ்டாட்டில், பிளேட்டோ, யூக்ளிட், தொலமி ஆகியோருடன் வைத்தியரான ஜாலினூஸ் (கேலன்) எழுதிய நூல்களின் அரபு மொழிபெயர்ப்புகளிலிருந்து சில பகுதிகளை முஸ்லிம் வணிகரும் ஆலிம்களும் ஜோன்ஸ்டனிடம் அடிக்கடி கொண்டு வந்து காட்டினர். மூல நூல்கள் எங்கே எனக் கேட்டபோது, அவை எமது முன்னோர் பக்தாதிலிருந்து வருவித்தவை, பல நூற்றாண்டுகள் எமது வீடுகளில் இருந்தவை, கஷ்டம் வந்த காலத்தில் கீழைத்தீவுகளுடன் வாணிபம் செய்த வணிகருக்கு அவற்றை விற்றுவிட்டோம் என்று விடையளித்தனர். வறுமையில் நகையை விற்பவர் உண்டு, நிலத்தை விற்பவர் உண்டு. இவர்கள் ஜாலினூஸை விற்றனர். விற்றவர்களை நிந்திக்க எமக்கு உரிமையில்லை. பசித்த பிள்ளையின் முன்னே நூல் என்ன செய்யும்?

இனி, இந்த ஹகீம்மார் கற்ற மருத்துவம் யாருடையது என்பதைச் சற்று நோக்குவோம். யூனானி என்னும் சொல்லே அயோனியர், அதாவது கிரேக்கர் என்பதைக் குறிப்பது. அப்பாஸியர் காலத்து பக்தாதில் கிரேக்க நூல்கள் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டன. அதே நகரில் கலீபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் மன்கா என்ற இந்திய வைத்தியர் வடமொழி மருத்துவ நூல்களை மொழிபெயர்க்க உதவினார். அலீ இப்னு ரப்பன் அத்தபரீ 850 ஆம் ஆண்டளவில் முடித்த ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா’ என்ற பெருநூலில் இந்திய மருத்துவத்திற்கென ஒரு பகுதியே உண்டு. சரகர், சுஸ்ருதர் பெயர்கள் அதில் வருகின்றன.

இதற்கு நம் கண்முன்னே உள்ள சான்று ஒன்றைக் கூறுவோம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலாவை நீங்கள் அறிவீர்கள். அரபு வைத்தியர் அச்சொல்லைத் தம் நாவுக்கேற்ப ‘இத்ரீஃபல்’ என்றனர். கடுக்காய் ஹலீலஜ் ஆயிற்று. தான்றி பலீலஜ் ஆயிற்று. நெல்லி அம்லஜ் ஆயிற்று. தேனும் நெய்யும் அல்லது வாதுமை எண்ணெயும் சேர்த்து அவர்கள் இலேகியமாக்கிய அம்மருந்து யூனானியாகப் பெயர் மாறி எம்மிடமே திரும்பி வந்தது. இன்றும் யூனானி மருந்துப் பட்டியலில் இத்ரீஃபல் வகைகள் பல உண்டு. மூளைக்கும் கண்ணுக்கும் மலச்சிக்கலுக்கும் என முதியோருக்கு அதிகம் கொடுக்கப்படுபவை அவை. சூரா அல்இன்ஸானில் சுவர்க்கவாசிகளின் பானத்தில் கலந்திருப்பதாகக் கூறப்படும் ஸன்ஜபீல் என்னும் சொல்லும் தென்னாட்டு இஞ்சியிலிருந்தே பயணப்பட்டது என மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். இம்மருந்து எமது, அம்மருந்து அவர்களது என்று வேலி கட்டுவோர் எந்த இடத்தில் முதல் கம்பை நடுவார்கள்?

முதுமைக்கு வருவோம். இப்னு ஸீனா (இறப்பு 1037) தமது ‘அல்கானூன்’ நூலின் முதற் பாகத்தில் முதியோரைப் பேணும் முறைக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கினார். முதுமையில் உடல் குளிர்ச்சியும் வரட்சியும் அடைகின்றது. எனவே அதற்கு இதமான வெப்பமும் ஈரமும் தேவை என்பது அவர் கொண்ட அடிப்படை. உணவைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்தல், எண்ணெய் தேய்த்தல், மெல்லிய நடை, நிறைந்த உறக்கம், மலச்சிக்கலுக்குக் கடும் பேதி மருந்தின்றி அத்திப்பழம் போன்ற மென்மையானவற்றைக் கொடுத்தல் முதலியன அங்கே பேசப்படுகின்றன. முதுமையை நீக்கும் மருந்து எதனையும் அப்பகுதி வாக்களிக்கவில்லை. நாம் தொடக்கத்தில் கண்ட ஹதீஸும் இந்நூலும் இவ்விடத்தில் ஒருங்கே நிற்கின்றன.

எதிர்ப்புச் சக்தி என்று நாம் இன்று சொல்வதற்கு அண்மித்த சொல் ஒன்று அவர்களிடம் இருந்தது: தபீஅத். உடலைத் தானாக நிர்வகிக்கும் ஓர் ஆற்றலை அல்லாஹ் ஒவ்வோர் உடலிலும் வைத்துள்ளான். நோயுடன் போரிடுவது அதுவே. வைத்தியர் அதற்குப் பணியாளர் மாத்திரமே என்பது யூனானியின் கொள்கை. அந்த ஆற்றலைக் காப்பவை எனக் காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், உள்ளத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவுகள் வெளியேறலும் தங்கலும் ஆகிய ஆறையும் அவர்கள் வகுத்தனர். மூலிகை இவற்றுக்குப் பின்னரே வரும். தனிமையில் விடப்பட்ட முதியவரின் துயரமும் உள்ளத்தின் அசைவில் அடங்குமல்லவா? கொழும்பிலும் கட்டாரிலும் இருந்து பிள்ளைகள் அனுப்பும் போத்தல் அவரது மேசையில் இருக்கின்றது. பக்கத்தில் அமர்ந்து பேச ஆளில்லை.

எமது வாவிக்கரையில் இக்கல்வி ஏட்டளவில் நிற்கவில்லை. எழுவான்கரையின் முஸ்லிம் ஊர்களில் ஹகீம் என்ற பெயரைவிடப் பரிசாரி என்ற பெயரே அதிகம் வழங்கியது. முறிவு தறிவுக்கு ஒருவர், விஷக்கடிக்கு ஒருவர், செங்கண்மாரிக்கு ஒருவர், குழந்தைகளின் மாந்தத்திற்கு ஒருவர் என அவரவர்க்குரிய துறை இருந்தது. தமிழ்ப் பரிசாரியிடம் முஸ்லிம் சென்றார்; முஸ்லிம் பரிசாரியிடம் தமிழர் வந்தார். படுவான்கரையின் காடுகளிலும் வயலோரங்களிலும் கிடைத்த பச்சிலையும் வேரும் தோணியேறி வாவியைக் கடந்தன. எமது வணிகர் கடல்வழி வருவித்த உலர்ந்த சரக்குகள் மறுகரைக்குச் சென்றன. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து 1982 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் உடலின் சூடு, குளிர்ச்சி, இரத்தம் பற்றிய கருத்துகளில் எவ்வளவு ஒத்திருக்கின்றனர் என்பதை விளக்கியுள்ளார்.

மருந்தின் பெரும்பங்கு அடுக்களையிலேயே இருந்தது. பிள்ளை பெற்ற தாய்க்கு அரைத்துக் கொடுக்கும் காயம், தடிமனுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த நீர், வல்லாரைச் சம்பல், முருங்கையிலைச் சுண்டல், இலைக்கஞ்சி, வெந்தயமும் உள்ளியும் இட்ட நோன்புக் கஞ்சி ஆகியவற்றை எமது உம்மம்மாமார் மருந்து என்று சொல்லிக் கொடுக்கவில்லை, சாப்பாடாகவே கொடுத்தனர். இலைக்கறியும் பயறும் மீனும் உண்டு, வயலுக்கும் பள்ளிக்கும் நடந்து சென்ற அத்தலைமுறையின் உடலுறுதியை ஒரு போத்தலில் அடைக்கலாம் என நம்புவது விந்தையே. ஓதிய நீரும் தாயத்தும் இவற்றுடன் கலந்து நின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பச்சிலையை வைத்துக்கொண்டு தாயத்தைக் கழற்றி வைக்கலாம். பலரும் அதற்கு மாறாக, பச்சிலையை மறந்து தாயத்தைக் கட்டிக்கொண்டனர்.

பின்னர் வந்தவை நீங்கள் அறிந்தவையே. 1957 டிசம்பர் வெள்ளம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளி. 1990 இன் படுகொலைகள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை. சூறாவளியில் கூரை பறந்த வீடுகளில் ஏடுகளும் கொப்பிகளும் நனைந்து அழிந்தன. 1990 க்குப் பின் படுவான்கரைக்குச் செல்லும் வழி எம்மவர்க்கு நெடுங்காலம் அடைபட்டது. வயலுடன் பச்சிலையும் போயிற்று. தோணியில் வந்த மூலிகையைப் பெயர் சொல்லி இனங்காணும் கண் அடுத்த தலைமுறைக்கு வாய்க்கவில்லை.

இந்த இனங்காணும் கண் எத்துணை முக்கியமானது என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்றுண்டு. கொரோனாத் தொற்றின்போது இந்தியாவில் எதிர்ப்புச் சக்திக்கென மக்கள் சீந்திற்கொடியைத் தாமாகவே அவித்துக் குடித்தனர். அவ்வாறு குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை வைத்தியர்கள் 2021 இல் அறிக்கையிட்டனர். இந்திய ஆயுஷ் அமைச்சு அதனை மறுத்தது. அவர்கள் குடித்தது அச்செடிதானா, அதைப் போன்ற வேறொரு கொடியா என்பது சரியாக இனங்காணப்படவில்லை என்றது. இரு தரப்பில் எது சரியாயினும், குடித்தவர் அறியாமல் குடித்தார் என்பது உண்மை. எமது நாட்டிலும் 2020 டிசம்பரில் கேகாலை மாவட்டத்தில் தயாரிக்கப்பட்ட பாணியொன்றைப் பெற ஆயிரக்கணக்கானோர் தொற்றுக் காலத்தில் ஒருவரையொருவர் நெருக்கி நின்றனர். அதனைப் பகிரங்கமாக அருந்திக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் தொற்று ஏற்பட்டது.

எமது ஊரில் யானறிந்த மூதாட்டி ஒருவர், யாரோ கொடுத்த தேன் கலந்த மருந்தை நம்பி இன்சுலினை நிறுத்தினார். மூன்று மாதங்களில் காற்புண் பெரிதாகிக் காலை இழந்தார். கொடுத்தவர் நல்லெண்ணத்துடன்தான் கொடுத்தார். ஆயினும் மருத்துவம் அறிந்தவரென அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்தாகும். ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயுற்றபோது, ஸகீஃப் கோத்திரத்து வைத்தியரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்களே அனுப்பினார்கள் என்பதையும் இங்கு நினைவுகூர்வோம். கருஞ்சீரகம் இரத்தச் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைக்கின்றது என்பதாலேயே ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் வைத்தியரிடம் சொல்லாமல் அதனைச் சேர்த்தல் ஆகாது. இரண்டும் சேர்ந்து அளவுக்கு மேல் குறைத்துவிடக்கூடும்.

அறிந்த வைத்தியர் எம்மிடம் இல்லாமலுமில்லை. 1929 இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோதே ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றுடன் யூனானியும் அங்கே இடம்பெற்றது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் யூனானி வைத்தியர்களையும் பரம்பரை வைத்தியர்களையும் பதிவு செய்ய வழிவகுத்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி பட்டப்படிப்பும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பும் உள்ளன. பட்டம் பெற்று வருவோரில் எமது பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பலர். அவர்களைத் தேடிச் செல்லாமல் போத்தலைத் தேடிச் செல்கின்றோம். மருந்து கொடுப்பவரிடம் பதிவிலக்கம் உண்டா எனக் கேட்பது அவமரியாதையன்று. ஹகீம்மாரின் காலத்தில் ஊரே ஒருவரின் பதிவேடாக இருந்தது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றேன். உங்கள் வீட்டின் பழைய பெட்டகத்திலோ பரணிலோ மூத்தவாப்பாவின் காலத்து மருந்துக் கொப்பி இருக்கலாம். அரபுத் தமிழில் எழுதப்பட்டதாயின் உங்களால் அதனை வாசிக்க முடியாதிருக்கலாம். கறையான் பாதி அரித்துமிருக்கலாம். அதனை வெள்ளை அடிக்கும்போது எரித்துவிடாதீர்கள். அதில் உள்ளபடி மருந்து செய்து குடிக்கவும் வேண்டாம். முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். ஊரிலுள்ள மூத்த ஆலிம் ஒருவரிடமும் யூனானி படித்த வைத்தியர் ஒருவரிடமும் சேர்த்துக் காட்டுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேமித்து வரும் நூலக நிறுவனம் முஸ்லிம்களின் ஆவணங்களையும் சேர்த்து வருகின்றது. அங்கே ஒரு பிரதியைக் கொடுக்கலாம். மூலப் பிரதி உங்கள் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.